எல்லாப் பக்கத்திலும் அவர் பெயர்

பனியன் கம்பெனிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பதுதான் அப்போது திருப்பூரில் என் பிழைப்பு. காங்கேயம் ரோட்டில் ஒரு சின்ன ஏற்றுமதிக் கம்பெனி. கணவனும் மனைவியும் நடத்தினார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களிடம் கணவர் பேசுவார். தையல் பகுதியை, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி பார்த்துக்கொள்வார்.

அவர்களுக்கு நாற்பது பக்கங்களில் ஒரு தளம் செய்தேன். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானதைத் தனி ஃபைலில் வைத்து, பக்கங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். இன்க்லூட் ஃபைல் என்போம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். மேலே வரும் மெனுவை அப்படி வைத்தேன். சீசனுக்குச் சீசன் மாறுமே. அடியில் வரும் அவர் பெயரையும் செல் நம்பரையும் பக்கத்துக்குப் பக்கம் நேராக அடித்துவிட்டேன். அது எங்கே மாறப்போகிறது என்று நினைத்தேன்.

மறு வருடம் ஒரு காலை, செக்கிங் டேபிள் அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது.

காரியம் முடிந்ததும் அக்கா கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, அவரு பேரை எடுத்துப்போடுங்க. அந்த நம்பருக்குக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க."

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அழித்தேன். இருபது பக்கத்துக்கு மேல் மனசு கேட்கவில்லை. மீதியில் அந்த வரியைத் தேடி மொத்தமாக நீக்கிவிட்டு எழுந்தேன். ஒரு பக்கத்தில் அவர் பெயரை நான் எழுத்துப் பிழையோடு அடித்திருந்ததால் அது மட்டும் தேடலில் சிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் போன். "ஒரு பக்கத்துல அவரு பேரு இன்னும் இருக்குதுங்க. புதுசா ஒரு பையரு அவரைக் கேட்டுக் கூப்பிட்டாரு."

"என் தப்புதாங்க்கா. என்ன சொன்னீங்க?"



"வெளியூரு போயிருக்காருன்னு சொல்லிப்போட்டேனுங்க. வேற சொல்ல வாய் வரலீங்க."

மறுநாளே கம்பெனிக்குப் போய், மிஞ்சியிருந்ததை அழித்துவிட்டு, அடியில் வரும் பெயர் வரியைத் தனி ஃபைலாக்கி எல்லாப் பக்கத்திலும் சேர்த்தேன். மாறுமா மாறாதா என்று யோசிப்பதை அன்றோடு விட்டேன். இரண்டு பக்கத்தில் வருகிறதென்றால் இன்க்லூட்தான்.

"யாரு பேருங்க்கா போடட்டும்?"

"என் பேரையே போடுங்க."

ஒரு முறைதான் அடித்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டச் சொன்னார். ஏழெட்டுப் பக்கம் பார்த்தவர், "போதுங்க தம்பி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தையல் பகுதிக்குப் போனார்.