பங்கருக்குள் இடைவேளை

என் மகள் மூன்றாம் வகுப்பில் படித்த வருடம், பள்ளிக்கூடத்தில் இடைவேளை பத்தரைக்குத் தொடங்கிப் பத்து ஐம்பதுக்கு முடிந்தது. எங்கள் வீட்டுப் பிரச்சினை அந்த இருபது நிமிடம்தான்.

அவளுக்கு இருந்ததை ஓட்டிசம் என்பார்கள் என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒரு சஞ்சிகையில் படித்தேன். அப்போது ஊரில் அதற்கு 'ஒரு மாதிரி' என்று பெயர். மெசின் சத்தம் அவளை ஒன்றும் செய்யாது. நெல் ஆலைக்குப் பக்கத்தில் நன்றாகத் தூங்குவாள். பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை இடிப்பாள்.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, படிப்பில குறை சொல்ல ஏலா. இன்ரவலுக்குத்தான் புள்ளயப் பார்க்க ஆளில்ல."

எனக்கு நேரம் இருந்தது. உன்னிச்சைப் பக்கத்தில் ஒரு வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருந்தேன். பத்திரிகை மூன்று நாள் பிந்தி வரும். அச்சிட்ட திகதியையும் வந்து சேர்ந்த திகதியையும் பதிந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. தினமும் பத்து இருபத்தைந்துக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அவளை வைத்திருந்த இடங்களையும் டயறியில் பதிந்தேன். 'வேப்பமரத்தடி: இரண்டு நிமிடம், அழுகை. மலசலகூடத்தின் பின்புறம்: ஆறு நிமிடம், அழுகை.'

இரண்டாம் கிழமை புதன்கிழமை அவளைக் காணவில்லை. தேடியபோது, மைதானத்து ஓரத்தில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் இருந்து ரொட்டி தின்றபடி மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். 'இருபது நிமிடம். அழவில்லை.'

ஹெலிகொப்டர் சுட வந்தால் ஒழிய அங்கே வேறு யாரும் இறங்குவதில்லை. பாம்பு கிடக்கும் என்றார் அதிபர். நான் முதலில் இறங்கிப் பார்ப்பதாக உடன்பாடு.

அந்த மாதம், ஹெலி வந்தால் பங்கருக்குள் ஓடுவதற்கான ஒத்திகை நடந்தது. விசில் ஊதியதும் மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சந்தோசமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு எங்கள் பங்கருக்குள் விழுந்தார்கள். அவள் அவர்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடி, மைதானத்தின் நட்டநடுவில் நின்றாள்.

"ஹெலி உண்மையா வந்தாலும் இவள் அங்கதான் நிப்பாள்" என்றார் அதிபர். "அண்டைக்கு நான் ஆர்ட புள்ளயப் பார்க்கிற? அடுத்த ஒத்திகையிலயும் ஓடினா, மறுகா வீட்டில வெச்சிக்கங்க."

உரப்பைகளில் மண் நிரப்பி, பங்கரின் மூலையில் இடுப்பளவு சுவர் ஒன்று கட்டினேன். உள்ளே ஒரு பிள்ளை மட்டும் இருக்கலாம். அதிபர் குனிந்து பார்த்தார்.

"மகளுக்குச் சீதன வீடு இப்பவே கட்டியாச்சா?"

"ஓம் சேர். பெயின்ற் மட்டும் மிச்சம்."

அடுத்த ஒத்திகைக்கு முன்பே ஹெலி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, இடைவேளை தொடங்கி நாலாவது நிமிடம். நாங்கள் ஏற்கனவே உள்ளே இருந்தோம். பிள்ளைகள் இறங்கத் தொடங்கியதும் சுவருக்கு மேலால் கையை விட்டு அவள் சட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. ஒரு பிள்ளையும் கத்தவில்லை. இருமல்கூட இல்லை. ஹெலியின் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு அது நெல் ஆலை. சற்று நேரத்தில் சட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சுவரைத் தாண்டி, பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருந்தாள். குற்றிகளை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணினாள்.

குளத்துப் பக்கம் சுட்டுவிட்டு ஹெலி போனது. அதிபர் ஒவ்வொரு பங்கராக ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் "முப்பத்தொண்டு" என்றாள்.

"இவள் ஓடல்லையா?"

"இல்ல சேர்."

இரண்டு தரம் தானும் எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்றுதான். "சரி, நாளைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பங்கருக்குப் போனார்.

'இடைவேளை: நாற்பது நிமிடம். அழவில்லை.'

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "அப்பா, நாளைக்கும் ஹெலி வருமா?"

"தெரியாது மகள்."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.