பத்துக்குப் பத்து

தனகோடிக்கு ஒரு கெட்ட வழக்கம். வாய் திறந்து யாரையும் எதுவும் கேட்கமாட்டான். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கமாட்டான். நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை வழிக்கும் கான்ட்ராக்ட் வேலையில் பதினெட்டு வருஷம் கிடந்தான். விடிகாலை ஷிப்டை ஒருநாள் மாற்றிக் கொடுங்கள் என்று மேஸ்திரியைக் கேட்டதில்லை. இப்படியும் ஒரு மனுஷன்!

வளையமாதேவியில் அவனுக்கிருந்த நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்கான பணம் வந்தபோதுதான் முதல்முறையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டான். ஒரு கார் வாங்கி, சுரங்க ஆபீசர்களை ஏற்றியிறக்கும் கான்ட்ராக்டில் விட்டால் காலத்துக்கும் சோறு. எடுத்துக்கொள்கிறோம் என்று வண்டி கான்ட்ராக்டரும் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, வாங்குகிற வருஷத்திலேயே செய்த வண்டியாக இருக்கவேண்டும்.

கார் ஷோரூமில் சேல்ஸ்மேனாக இருந்தான் அறிவுச்செல்வன். பத்தாவது வரை தனகோடியோடு ஒரே பெஞ்ச்.

"தை பொறக்கட்டும்டா. உனக்குன்னு ஒரு வண்டிய தனியா நிறுத்தி வெச்சிக்கினு இருக்கேன்" என்றான்.

வீட்டில் மனைவி செங்கமலத்துக்கு மனசு ஒப்பவில்லை. "ஏங்க, எந்த வருஷம் செஞ்ச வண்டின்னு ஒரு வார்த்த கேட்டுடுங்க."

"அறிவுகிட்டயா? அவன சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாது? கான்ட்ராக்ட் விஷயம் எல்லாம் சொல்லியிருக்கேன், அவனுக்குத் தெரியும்."

தை பிறந்தது. வண்டிக்கு மாலை போட்டு, முழ நீளத்துக்கு அட்டைச்சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அறிவு காதோரம் வந்தான். "கம்பெனியிலருந்து போன் வரும்டா. சர்வீஸ் எப்படின்னு கேப்பாங்க. பத்துக்குப் பத்துன்னு சொல்லிடு. ஒம்போதுன்னாலும் என் வேலைக்கு வேட்டு."

திருவதிகைக் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். மறுநாளே தனகோடி சுரங்க வேலையை விட்டு, கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஆர்.சி. புக் வந்ததும் கான்ட்ராக்டர் ஆபீசுக்கு ஓடினான். கிளார்க் கோபாலகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தனகோடி, இது போன வருஷம் ஏப்ரல்ல செஞ்ச வண்டிப்பா. பழைய ஸ்டாக்க உன் தலையில கட்டியிருக்காங்க. எடுக்க முடியாது."

தனகோடி நேராக ஷோரூமுக்குப் போனான். அறிவு அவனை எதிர் டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"உன் பேருல பதிஞ்சாச்சுடா, இனிமே திருப்ப முடியாது. எட்டு மாசமா வெயில்ல கெடந்த வண்டி. வர்றவன்லாம் முதல் கேள்வியே தேதியத்தான் கேக்குறான். இத வித்தாதான் வேலைன்னு மேனேஜர் நின்னுட்டாரு. ஆபீஸ்ல யாரு பாக்கப்போறான்னு நெனச்சேன்." கிளாஸைக் கீழே வைத்தான். "நீதான் கேக்கமாட்டேன்னு தெரியும்."

தனகோடி அவனை அறைந்திருக்கலாம். அப்போதும் ஒன்றும் கேட்காமல், டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தான், பாவி.

பழைய வேலைக்குப் போய் நின்றான். ஆள் வேண்டாம் என்றார் மேஸ்திரி. வேறு கான்ட்ராக்டர்களும் தேதியைப் பார்த்துக் கையை விரித்தார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "சார், உங்க சேல்ஸ்மேன் மிஸ்டர் அறிவுச்செல்வனோட சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

செங்கமலம் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். இப்போது தனகோடி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். போனில் பேசிய பெண் ஹலோ, ஹலோ என்றாள்.

"பத்து" என்றான்.

"தேங்க்யூ சார். வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லம்மா."

செங்கமலம் கரி படிந்த கையோடு எதிரே வந்து நின்றாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவனும் புள்ளைங்கள வெச்சிக்கினு இருக்கான். வேல போயிட்டா என்ன பண்ணுவான்?"

"நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

தனகோடி வாசலில் மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.