நான் சொன்ன மதிப்பெண்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குள் அந்த போன் வந்துவிடும். பேசுகிறவர் என் தோழியின் அப்பா. கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரை அப்பா என்றே கூப்பிடுவேன்.

அவரிடம் இருந்தது பட்டன் போன். எங்கள் பயிற்சி மையத்தில் வாராந்திரத் தேர்வு மதிப்பெண்களை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். அதனால் சேரும்போதே அவள் பெற்றோர் எண் கேட்ட இடத்தில் என் எண்ணை எழுதிக் கொடுத்தாள். "நீ பாத்து எங்கப்பாவுக்குச் சொல்லிடுடி" என்றாள். அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இருவரும் பிளஸ் டூ முடித்திருந்தோம். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇயில் முதல் முறை சரியாக வராததால், வேறு எங்கும் சேராமல் ஒரு வருடம் அதற்காகவே படிக்க உட்கார்ந்தவர்கள். மையம் விருத்தாசலம் ஜங்ஷன் சாலையில் இருந்தது. முன்பு பீங்கான் சாமான் அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. ஜன்னல்கள் எல்லாம் ஆளுயரத்துக்கு மேலே. உள்ளே உட்கார்ந்தால் வானம் மட்டும் ஒரு கீற்று தெரியும். காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை நாற்பது பேர் அதற்குள் தலை கவிழ்ந்து கிடப்போம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, அவள் எங்கள் வீட்டில் இருந்தபோதே மதிப்பெண் வந்தது. முந்நூறுக்கு முப்பத்தெட்டு. வேதியியலில் தப்பான விடைகளுக்குக் கழித்துக் கழித்து மைனஸில் போயிருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பா அழைத்தார்.

"நூத்திப் பத்துன்னு சொல்லு. இந்த ஒரு வாட்டிதான்."

நான் சொன்னேன்.

"போன வாரத்துக்கு இது தேவலாமா பாப்பா?"

"தேவலாம்ப்பா."

அவர் சிரித்தது கேட்டது. அவளுக்கும் கேட்டது. அவள் முகத்தில் நிம்மதி எதையும் நான் பார்க்கவில்லை.

அந்த ஒரு வாட்டி அதோடு நிற்கவில்லை. புரட்டாசிக்குள் அது எங்களுக்குப் பழகிப்போன வேலையாகிவிட்டது. எந்த வாரம் எவ்வளவு என்று அவள்தான் முடிவு செய்வாள். "ஒரேடியா ஏத்தக்கூடாதுடி. இந்த வாரம் கொஞ்சம் எறக்கிச் சொல்லு. அப்பதான் நம்புவாரு" என்பாள். கணக்குப் போட வராமல் தடுமாறிய பெண், இந்தக் கணக்கை மட்டும் பிசகாமல் போட்டாள். இனி சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்வேன். ஆனாலும் ஞாயிறு வந்தால் என் வாய் அந்த எண்ணைச் சொல்லிவிடும்.

ஒரு நாள் அவள் அப்பா ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். அவர் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. வயலில் அளவுக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அதைப் பற்றி விசாரித்தாள்.

"கல்ல நட்டது நட்டதுதாங்க. இனி அத நெனச்சி என்னா பண்றது? எம் பொண்ணு படிப்பு ஒண்ணுதான் இருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க பொண்ணு கொரல ஞாயித்துக்கெழம கேட்டாத்தாங்க எனக்கு அடுத்த வாரம் ஓடுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய், அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை அங்கேயே நின்றேன்.

ஜனவரித் தேர்வு வந்தது. எனக்கு எண்பத்தெட்டு பர்சென்டைல். அவளுக்கு முப்பத்தொன்று. அவள் சொல்லச் சொன்னது தொண்ணூற்றாறு.

"இது வேணாம்டி. இது நெஜமான பரீட்சை" என்றேன்.

"ஏப்ரல்ல இன்னொண்ணு இருக்குதில்ல. அதுல எடுத்துடுவன். சொல்லு."

சொன்னேன். நான் சொன்ன பொய்களிலேயே பெரியது அதுதான். அடுத்த வாரம் அவர் அழைத்தபோது குரலில் ஒரு அவசரம் இருந்தது. "அந்த மார்க்கு பேப்பர ஒண்ணு எடுத்தாரச் சொல்லு பாப்பா. எங்கூரு வாத்தியாரு பாக்கணும்ன்றாரு. இந்த மார்க்குக்குப் பெரிய காலேஜே கெடைக்குமாம்."

அவளிடம் சொன்னேன். பயந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் "சரி, எடுத்துத் தரேன்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பின் அவள் அமைதியாகிவிட்டாள். நகம் கடிப்பது நின்றது. தலையைப் படிய வாரிப் பின்னி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் எதையும் எழுதாமல், ஆசிரியர் சொல்வதைப் பொம்மலாட்டம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சரியாகிவிட்டாள் என்று நான் நம்ப விரும்பினேன். நான்கு நாள் நம்பவும் செய்தேன்.

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவளுடைய இயற்பியல் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். ஓரமெல்லாம் அவள் பென்சில் எழுத்து. யாருக்கும் ஒரு மணி நேரம்கூட இரவல் தராத புத்தகம் அது.

"நீ வச்சிக்க."

"ஒனக்கு?"

"எனக்கு எதுக்கு?" பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போறன்."

எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்பதுதான் வழக்கம். அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. வாசலுக்கு ஓடினேன். அவள் ரயில்வே ஜங்ஷன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஊருக்கு பஸ் ஏறும் பஸ் ஸ்டாண்டு அதற்கு எதிர்த்திசையில் இருந்தது.

நடந்துகொண்டே அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். வயலில் இருந்தார் போல. காற்று இரைந்தது.

"அப்பா, நான் சொன்ன மார்க்கு எல்லாமே பொய்யிப்பா. அவ கொறச்சல்தான் எடுத்தா. ஜனவரிலயும்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அவ இப்ப எங்க?"

"ஸ்டேஷன் பக்கம் போறாப்பா. எனக்கு பயமா இருக்குது."

"நீ அவகூட இரு. நான் வரன்."

பிளாட்பாரத்தில் கூரை முடிந்த இடத்துக்கும் அப்பால், கடைசி சிமென்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள். நான் ஒட்டி உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டன்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது. என் விரலுக்கடியில் அவள் நாடி துடித்தது தெரிந்தது. கடைசிப் பெட்டி போய், தண்டவாளத்தின் அதிர்வு அடங்கிய பிறகும் நான் விடவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவள் அப்பா வந்தார். கால்களில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அவளைத் திட்டவில்லை. குனிந்து அந்தச் செருப்புகளை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

"போட்டுக்க. வூட்டுக்குப் போலாம்."

அவள் போட்டுக்கொண்டாள். இருவரும் போனார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதன்பின் ஒரு ஞாயிறும் அவர் கூப்பிடவில்லை.

மையத்தில் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஏப்ரலில் நானும் பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சிலிங்கில் கிடைத்த கல்லூரியில் சேர்ந்தேன்.

இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். கடலூரில் ஒரு டாக்டரிடம் காட்டி எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதாகவும், இப்போது கலைக் கல்லூரியில் தமிழ் படிப்பதாகவும் சொன்னாள். நிலத்தை இன்னும் எடுக்கவில்லையாம். கல் அப்படியே நிற்கிறதாம்.

"அன்னிக்கு எங்கப்பாவுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி, எங்க போறன்னு என்னாண்ட ஏன் கேக்கல?" என்றாள்.

"கேட்டிருந்தா நெஜத்தச் சொல்லியிருப்பியா?"

"மாட்டன்."

பிறகு, "எங்கப்பா என்ன ஒண்ணுமே கேக்கறதில்லடி. சாப்டியான்னு மட்டும் கேப்பாரு. நான் பாத்ரூம் போனாக்கூட வெளிய வந்து நின்னுக்கறாரு" என்றாள்.

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று பார்த்தேன். தெரியவில்லை.