ஆயுத பூஜையில் அணைத்த பெட்டி

என் மனைவிக்கு வலது கை, கால் விழுந்து பேச்சும் நின்றதிலிருந்து, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையைக் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். நாகலூர் ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரை அப்படியே என் லேப்டாப்பில் தெரியும். இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். நடுவில் ஃபயர்வால் என்று ஒரு சின்னப் பெட்டி. கண்டவர்களை உள்ளே விடாத அந்தப் பெட்டி என் லேப்டாப்புக்கு மட்டும் வழி விடும்படி, சேலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பி செய்து கொடுத்தார். முதலாளி சம்மதித்தது எங்கள் மலைச்சாமி சேர்வராயன் புண்ணியம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆயுத பூஜையன்று மனைவியைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கும் அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, இரண்டையும் அணைத்தேன். ஆயுதம் என்றால் அன்று ஓய்வுதானே. மறுநாள் வீட்டிலிருந்து தொட்டாலே விழித்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. சேலத்துத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, அந்தப் பெட்டில லைட்டு எரியுதுங்களா?"

"பூசை போட்டு அணச்சு வெச்சிருக்கறேன் தம்பி."

"சாமி கும்புட்டது சரிங்க. காவக்காரனுக்கே லீவு உட்டுட்டீங்களே. ஆராச்சும் நேர்ல போயி சுவிச்சு போடோணும். லேப்டாப்ப அப்படியே வெச்சுட்டுப் போங்க, அங்க உசுரு வந்ததும் அதுவே சேந்துக்கும்."

ஆபீஸ் சாவி என்னிடம்தான் இருந்தது. விஜயதசமி விடுமுறையானாலும் மதியத்துக்குள் ஆள் வருகைக் கணக்கு சேலத்தில் முதலாளிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியற்காலையே மலை இறங்கிவிட்டார்கள். ஒரு நாளும் அவளைத் தனியாக விட்டதில்லை. இந்த வேலை போனால் வீட்டிலிருந்து செய்ய வேறு வேலையும் இல்லை.

தலையணை அண்டக் கொடுத்து அவளை உட்காரவைத்தேன். லேப்டாப்பை எதிரே வைத்து, அவள் இடது கையை மவுஸ் மேல் எடுத்து வைத்தேன்.

"இங்க பாரு புள்ள, ஆபீசு படம் இதுல வரும். வந்ததும் இத ஆட்டு. நீ நல்லாருக்கறயின்னு தெரிஞ்சுக்குவேன்."

அவள் என்னையே பார்த்தாள். விளங்கியதா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். ஆபீசைத் திறந்து இரண்டு சுவிட்சையும் போட்டேன். பெட்டியில் விளக்கு எரிந்தது, திரையும் வந்தது. அம்புக்குறி நடுவில் நின்றது. விடுமுறையானதால் ஆபீசில் ஆள் அரவமே இல்லை. நான் மவுஸைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கியிருப்பாளோ, சாய்ந்து விழுந்திருப்பாளோ?

கணக்கு கிடக்கட்டும், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது அம்புக்குறி கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்து திரையின் ஓரத்தில் போய் முட்டியது.

உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பித்தேன். நான் அம்புக்குறியை ஒரு கட்டத்தில் வைத்தால் அவள் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனாள். எழுதிய எண்ணெல்லாம் இடம் மாறி விழுந்தது. கணக்கு தாமதமாகத்தான் போனது. அதற்குப் பேச்சும் வாங்கினேன். ஆனால் அவள் ஆட்டிக்கொண்டிருந்த மட்டும் நான் என் மவுஸால் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.