தங்கச்சி மகள்

சீசனுக்கு வருகிறவர்களிடம் ஊரைக் கேட்கலாம், உறவைக் கேட்கக் கூடாது. குற்றாலத்தில் வீட்டை வாடகைக்கு விடுகிற எங்கள் எல்லோருக்கும் அது எழுதாத சட்டம். கேட்டால் வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாரல் விழுகிற மூன்று மாத வாடகையில்தான் மற்ற மாதங்களுக்கும் அடுப்பெரிய வேண்டும் என்பதால், கூட வந்தவள் மனைவியா மச்சினியா என்று நாங்கள் வாயைத் திறந்ததே இல்லை.

நானோ பிறவிச் சந்தேகக்காரி. "ஒனக்குப் போலீஸ் வேல குடுக்காம விட்டது சர்க்கார் செஞ்ச தப்பு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்குத் தென்காசி ஜவுளிக்கடையில் வேலை. அப்படிப்பட்ட நான்கூட அந்தச் சட்டத்தை மீறியதில்லை, அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த அம்மாள் வந்து இறங்கும்வரை.

நாற்பது வயதிருக்கும். நல்ல சேலை, பெரிய பொட்டு, பேச்செல்லாம் தேன். கூடவே ஒரு பெண், பதினாலு வயது, கையில் ஒரே ஒரு துணிமூட்டை. "என் தங்கச்சி மக. உடம்பு தேறட்டும்னு அருவிக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் அந்த அம்மாள். நான் கேட்கவே இல்லை. கேட்காமலே உறவு சொன்னது அன்றைக்கே எனக்கு நெருடியது.

மூன்று நாள் ஆயிற்று. கொடியில் ஈரத்துணியே இல்லை. குற்றாலத்துக்கு வந்து அருவிப் பக்கமே போகாதவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. பகலெல்லாம் அவர்களுக்கு விட்டிருந்த முன்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. சாயங்காலம் ஆண்கள் வந்தார்கள், ஒவ்வொரு நாளும் வேறு ஆள். அந்தப் பிள்ளையை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்தார்களாம். பூவும் பழமும் இல்லாமல், கூட ஒரு பொம்பளை இல்லாமல் எந்த ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள்?

நாலாம் நாள் காலையில் அந்தப் பிள்ளை உள்ளேயிருந்து "சித்தி" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. எனக்குத் திக்கென்றது. தங்கச்சி மகள் என்றால் இவள் பெரியம்மா அல்லவா? நம் ஊர்க் கைப்பிள்ளைகூட இதைத் தப்பாகச் சொல்லாது. யாரோ அவசரத்தில் சொல்லிக் கொடுத்த உறவு அது.

நேராகக் கேட்டால் உடனே கிளம்பிவிடுவாள் என்று பயம். அதனால் தெருப் பெண்கள் நாலு பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் புறப்பட்ட நேரம் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, "பிள்ளையையும் அனுப்புங்கம்மா, தல நனையாமலா ஊருக்குப் போவா?" என்றேன். அத்தனை பேர் முன்னால் அவளால் மறுக்க முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ஆனால் நனைய மனமில்லாமல் தள்ளியே நின்றுவிட்டாள்.

பெண்கள் குளிக்கிற பக்கத்தில், தண்ணீர் விழுகிற இரைச்சலில், அந்தப் பிள்ளையின் காதில் வாயை வைத்துக் கேட்டேன்.

"ஒங்க அம்மை எங்கட்டி இருக்கா?"

"வாசுதேவநல்லூர்ல. களையெடுக்கப் போவா."

"அந்தம்மா ஒனக்கு யாரு?"

"தெரியாதுக்கா. எங்க ஊருக்கு வந்த ஒரு ஆளு, மெட்ராஸ்ல தையல் வேலன்னு சொல்லிக் கூட்டியாந்து இவங்ககிட்ட விட்டுட்டுப் போனாரு. சித்தின்னு கூப்பிடச் சொன்னாவ."

தாயின் பெயரையும் தெருவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். குதிரை வண்டி ஓட்டுகிற பாய் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவர்களைக் கொண்டுவந்து இறக்கியதும் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கும் அன்னைக்கே மனசு கேக்கலம்மா. வண்டியில வாரப்ப அந்தப் புள்ள வாயே தொறக்கல" என்றார். அன்றைக்கு மத்தியானமே வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினார்.

தாய் நம்பவில்லை. "ஒங்கள அனுப்புன அம்மாவுக்கு எச்சிப் பாத்திரம் கழுவ ஆள் வேணுமாக்கும், அதான் எம்மவ பொழப்பக் கெடுக்கா" என்றாளாம் பாயிடம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சந்தேகமும் நியாயம்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி வந்த பிள்ளைகள்தான் பாத்திரம் கழுவின. ஆனாலும் மறுநாள் காலையில் அவள் பாயோடு வந்தாள், என்னை நாலு கேள்வி கேட்க. கையில் ஓலைப்பெட்டி, அதில் மகளுக்குப் பொருவிளங்காய் உருண்டை.

அந்த அம்மாள் முன்வாசலில் நின்றிருந்தாள். ஓலைப்பெட்டியைப் பார்த்ததும் பழம் விற்கிறவள் என்று நினைத்து, "பழமெல்லாம் வேணாம்மா, போ" என்றாள்.

நான் முன்னால் போய்க் கேட்டேன், அந்த வாசலில் முதல்முறையாக. "உள்ள இருக்க பிள்ள ஒங்களுக்கு என்ன வேணும்?"

"எத்தனை தடவ சொல்றது? என் கூடப் பொறந்த தங்கச்சி மக."

தாய் பெட்டியைக் கீழே வைத்தாள். என்னிடம் போட வந்த சண்டை அவள் முகத்திலிருந்து போய்விட்டது. "நீ எப்பம்ட்டி எனக்குக் கூடப் பொறந்த?" என்று ஒரே பாய்ச்சலாக உள்ளே போனாள். குரல் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து நாங்களும் அழுதோம். அந்தச் சந்தடியில் அந்த அம்மாள் தன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தே போய்விட்டாள். போனால் போகட்டும் சனியன் என்று விட்டுவிட்டோம். பிள்ளை கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமிதம்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். உருண்டையைக் கடித்துக்கொண்டே அந்தப் பிள்ளை கேட்டது, "அந்த அக்காவையும் அவ வீட்டுக்கு அனுப்பிருவியளா?"

"எந்த அக்கா?"

"எங்கூட ஒருத்தி வந்தால்லா. தென்காசில வச்சு வேற ஒரு ஆளு செங்கோட்ட பஸ்ஸுல ஏத்திட்டுப் போயிட்டாரு."

"அருவியிலயே இதச் சொல்லக் கூடாதாட்டி?"

"நீங்க என்னப் பத்தித்தான கேட்டிய."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த அம்மாளை எங்கேயும் காணவில்லை. அந்தப் பெண் போன இடம் தெரிந்த ஒரே ஆளை நாங்களே வழியனுப்பியிருந்தோம். மறுநாள் வீட்டுக்காரரோடு செங்கோட்டைக்குப் போய்க் கடைகடையாக விசாரித்தேன். "பிள்ள பேரு என்ன?" என்று எல்லோரும் கேட்டார்கள். போலீஸிலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று மிரட்டியே கூட்டி வந்திருந்ததால், கூட வந்த இந்தப் பிள்ளைக்கே அந்தப் பெயர் தெரியாது. அது சொன்ன அடையாளம் கன்னத்தில் ஒரு தழும்பு, பச்சை ரவிக்கை, அவ்வளவுதான். அதை எழுதிக்கொண்டார்கள். அவளைப் பெற்றவள் ஏதோ ஒரு ஊரில், மகள் மெட்ராஸில் தையல் வேலை பார்க்கிறாள் என்று அந்நேரம் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.