பதினான்கு பெஞ்சுகளின் மேனேஜர்

ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மேனேஜர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பெஞ்சு என்று கணக்கு. இடுப்பு எத்தனையாவது நிமிடத்தில் முணுமுணுக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பார். "பத்து நிமிஷம் சுகமா இருக்கணும். பதினோராவது நிமிஷம் தானா எழுந்து போயிடணும். அதுதான் நல்ல பெஞ்சு."

முப்பது மாடி அலுவலகக் கட்டடத்தின் முன்னாலிருக்கும் திடலும் அதிலுள்ள பதினான்கு பெஞ்சுகளும் அவர் பொறுப்பு. கூடுதலாக மூன்று மாடி கட்ட அனுமதி வாங்கியபோது, அதற்கு ஈடாக முன்பக்கத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. திறந்துதான் கிடக்கிறது. கதவு இல்லை, கயிறு இல்லை. நிழல் இருக்கிறது, நீரூற்று இருக்கிறது. ஆள்தான் இல்லை.

படுக்க முடியாதபடி பெஞ்சுக்கு நடுவே இரும்புக் கைப்பிடி வைத்தது மேனேஜரின் யோசனை. செக்யூரிட்டிக்குப் பாடம் எடுத்ததும் அவரே. "யாரையும் போகச் சொல்லாத. பக்கத்துல போய் நின்னு, 'யாரைப் பாக்கணும்?'னு மரியாதையா கேளு. போதும்." இதைச் சொல்லும்போது கைதேர்ந்தவனின் திருப்தி ஒன்று அவர் முகத்தில் இருக்கும். போன மாதம் வரை இருந்தது. இப்போது யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

போன மாதம் ஒரு மதியம் வெளியே வந்தவர், நடைபாதையில் கையைக் குடைபோல் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கும் தன் அக்காவைப் பார்த்தார்.

"என்னக்கா இங்க நிக்கிற? போன் பண்ணியிருக்கலாம்ல?"

"கண் டாக்டர்கிட்ட வந்தேன்டா. சொட்டு மருந்து விட்டதுல போன்ல நம்பரே தெரியல. நீ சாப்பிட வெளிய வருவேல்ல, அப்ப பாத்துட்டுப் போலாம்னு உள்ள பெஞ்சுல உக்காந்திருந்தேன். அந்தத் தம்பி வந்து யாரைப் பாக்கணும்னு கேட்டான். உன்னச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ வேல பாக்கற எடமாச்சே, என்னால உனக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு, யாரையும் இல்லப்பான்னு எழுந்து வந்துட்டேன்."

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"ஒரு மணி நேரம் இருக்கும். அத விடு."

வெயில் கூசி அவள் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. செக்யூரிட்டி ஓடி வந்தான். "சார், நீங்க சொன்ன மாதிரி மரியாதையாதான் சார் கேட்டேன்."

மேனேஜர் அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போய் நிழலில் உட்கார வைத்தார். அவள் பெஞ்சின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்.

"இங்க யாரு வேணா உக்காரலாமாடா?"

"உக்காரலாம்க்கா."

"அப்ப யாரு அந்தப் பையன அப்படிக் கேக்கச் சொன்னது? பாவம், கேக்கறதுக்கு அவனுக்கே சங்கடமா இருந்துச்சு."

அவளுக்கு அன்று எந்த எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தும், மேனேஜர் தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, பதவி எழுதிய பக்கம் உள்ளே இருக்கும்படி திருப்பி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.