கொடி சுற்றிப் பிறந்தவளும் அவள் மாமனும்

எனக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் கிடையாது. பெயர் வைக்கிற நாள் வரைக்கும் அவர்கள் இருக்கவில்லை.

சனிக்கிழமை பஜனைக்கு வருகிற பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவ விஷயத்தைப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்வதா என்று என் மனைவி பாப்பம்மாள் கேட்டாள். அவர்களும் ஒரு நாள் பிறந்தவர்கள்தானே என்றேன்.

மூத்தது பெண். பிறந்ததும் அழுதது. உடனே தண்ணீர் ஊற்றி, உடம்பில் இருந்த வெள்ளை மாவு போகத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஊர் வழக்கம் அது. பொழுது சாய்வதற்குள் கை கால் சில்லிட்டுவிட்டது. பால் குடிக்கவில்லை. போய்விட்டது. அடுத்தது பையன். அவனும் அப்படியே. குளிப்பாட்டியவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆசையாகத்தான் செய்தார்கள்.

பாப்பம்மாள் மூன்றாம் தடவை முழுகாமல் இருந்தபோது எனக்கு நிலை கொள்ளவில்லை. திருவெள்ளறையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். தண்ணீர் கட்டப் போனால் மடையைத் திறந்துவிட்டு அடைக்க மறந்து வந்துவிடுவேன். சோற்றில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். இரண்டை எடுத்துக்கொண்டாய், இதையாவது விடு ரங்கநாதா என்று நடந்துகொண்டே சொல்வேன். உட்கார்ந்து சொல்ல முடியாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். ஸ்ரீரங்கத்தில் அவள் அண்ணன் வீட்டில் பிரசவம். அண்ணன் பெயர் முத்தையா, எனக்கு மச்சான். வாழைக்கொல்லை வைத்திருந்தார். அவர் மனைவி கனகம். காலையில் வலி கண்டது என்று ஆள் வந்து சொன்னான். பஸ் பிடித்துப் போனேன். கொள்ளிடம் பாலம் அன்றைக்கு எனக்கு முடியவே இல்லை.

பிரசவ விடுதியிலிருந்து ரஞ்சிதம் நர்ஸம்மா வந்திருந்தார். கண்டிப்பான மனுஷி. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பழந்துணிகளை வெந்நீர்ப் பானை மேல் வைத்துச் சூடாக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "இந்த மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்குத் தலை சுத்துது. எங்கயாவது போயிட்டு வாங்க" என்றார்.

நான் காவிரிக்குப் போனேன். ஐப்பசிக் குளியல் விசேஷம் என்று உங்களுக்குத் தெரியும். மழை வெள்ளம், தண்ணீர் பனி மாதிரி இருந்தது. முழுகி எழுந்து கோபுரத்தைப் பார்த்து ஒரு வேண்டுதல் செய்தேன். பிள்ளை அழுகிற சத்தம் என் காதில் விழும் வரைக்கும் இந்த ஈர வேட்டியை மாற்றமாட்டேன், துவட்டமாட்டேன் என்றேன். அப்படியே சொட்டச் சொட்ட வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். பல் கிட்டியது.

மச்சான் என்னைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, தங்கச்சிக்குப் பிரசவமா உங்களுக்குப் பிரசவமா? நடுங்குறீங்க."

 உச்சிப் பொழுது. உள்ளே பாப்பம்மாள் ஒரு தடவை கத்தினாள். பிறகு சத்தமே இல்லை. பிள்ளை அழவில்லை.

கனகத்தின் குரல்தான் கேட்டது. "ஏங்க, கொடி சுத்திப் பொறந்திருக்கு. ரெண்டு சுத்து. நீங்க இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்காது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமன் உயிருக்கு ஆகாது என்பார்கள். மாமன் முதலில் கிண்ணத்து எண்ணெயில் விழும் அதன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நேரே பார்க்கக்கூடாது. மச்சான் எழுந்து வாசல் ஓரமாகப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கதவு ஒருக்களித்திருந்தது. நான் பார்த்தேன். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. நர்ஸம்மா கொடியைக் கழற்றி, சூடான துணியால் தலை முதுகெல்லாம் துடைத்தார். ரப்பர் குழாயை அதன் வாயில் விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினார். உள்ளங்காலைச் சுண்டினார். கொடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து, "துடிக்குது. உசிரு இருக்கு" என்றார். பிள்ளை ஒரு தடவை விக்கியது. மூச்சு வந்தது. பூனைக்குட்டி முனகுகிற மாதிரி மூச்சு. அழவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாப்பம்மாளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. நர்ஸம்மா கொடியைக் கட்டி அறுத்துவிட்டு அவள் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. கனகத்தை வயிற்றை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான்கு கையும் அங்கே போய்விட்டது.

"வெளியில யாரு இருக்கீங்க? ஒரு ஆள் வாங்க. பிள்ளை சில்லிடுது. நெஞ்சோட வெச்சு முதுகைத் தேச்சுக்கிட்டே இருக்கணும்."

சில்லிடுது என்ற வார்த்தை போதும் எனக்கு. உள்ளே ஓடினேன். கையை நீட்டினேன்.

நர்ஸம்மா ஒரு பார்வை பார்த்தார். "ஈரத்தோட வந்து நிக்கறீங்களே. தள்ளிப் போங்க. உங்க உடம்பு பட்டா இருக்கற சூடும் போயிடும்."

"துணி மாத்திக்கிட்டு வரேன்."

"துணி மாத்தினா உடம்பு சூடாயிடுமா? அது வரைக்கும் இது நிக்குமா?"

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன். பிள்ளைக்காக வேண்டி நின்ற வேண்டுதலே என்னைப் பிள்ளையைத் தொட முடியாதவனாக ஆக்கிவிட்டது. அந்த வீட்டில் உலர்ந்த உடம்போடு, கை காலியாக இருந்தவர் ஒரே ஒருவர். அவரைக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. வா, உன் உயிரைக் கொடு என்று எப்படிக் கேட்பது? கனகம் அங்கேயே இருக்கிறாளே. ரங்கா என்று மட்டும் சொன்னேன். 

கனகம்தான் பேசினாள். தலையைத் தூக்காமல், அமுக்கிய கையை எடுக்காமல் சொன்னாள்.

"எண்ணெயில பார்க்கறதுக்கு மொதல்ல அது இருக்கணுமே. வாங்க நீங்க. வந்து எடுங்க."

மச்சான் திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நர்ஸம்மா, "கண்ணைத் திறங்க, தலையை இடிச்சுடப் போறீங்க" என்று அதட்டினார். திறந்தார். பிள்ளையை நேருக்கு நேராகப் பார்த்தார். வாங்கித் தன் வெற்று நெஞ்சில் வைத்துக்கொண்டார். மேலே சூடான துணியும் கம்பளியும் போட்டுக்கொண்டு, முதுகைத் தேய்த்தார். "வாடா, வா, வா" என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே தேய்த்தார். நான் சுவரோரம் நின்று நடுங்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை அழுதது. முதலில் கிறீச்சென்று ஒன்று. பிறகு தெருவே கேட்கிற மாதிரி.

"ஆணுன்னு நினைச்சு வாடா வாடான்னேன். பொண்ணா இருக்கு" என்றார் மச்சான். அவர் கன்னம் நனைந்திருந்தது.

பாப்பம்மாளுக்கும் ரத்தம் நின்றது. நர்ஸம்மா பிள்ளையைத் தாயின் உடம்போடு சேர்த்துப் போர்த்தினார். சாயங்காலம் வரை போகவில்லை. வந்து வந்து பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். உதட்டின் நிறம் பார்ப்பார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுவார். தொப்புளில் கட்டிய நூலுக்கு மேல் ரத்தம் கசிந்திருந்தது, இன்னொரு கட்டு போட்டார். கனகம், "குளிப்பாட்டிடலாமா?" என்றாள். "நாளைக்கும் வேணாம்." "சீம்பாலைப் பீச்சிக் கீழ ஊத்திடவா?" "அதைத்தான் மொதல்ல குடுக்கணும்." இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு இதையெல்லாம் நான் காதால் கேட்டேன்.

அதோடு என் மனசு அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். மச்சானுக்கு ஒரு தும்மல் வந்தால் எனக்குப் பகீரென்றிருக்கும். வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அவரை வாசலில் பார்த்துவிட்டுத்தான் பெருமாளைப் பார்க்கப் போவேன். என் பிள்ளைக்காக வேண்டிய வாயால் அவருக்காக வேண்டினேன். ஒரு வருஷம் போனது. இரண்டு போனது. ஒரு நாள் கனகம் சிரித்தாள். "அண்ணே, நீங்க வேண்டி வேண்டி இவருக்குத் தொந்தி போட்டுடுச்சு. கொஞ்சம் நிறுத்துங்க." அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை முழுசாகச் சாப்பிட்டேன்.

அந்தப் பெண்தான் உங்களோடு உட்கார்ந்து தாளம் தப்பாகத் தட்டுகிற ரங்கநாயகி. எட்டு வயசாகிறது. மச்சானும் கல்லு மாதிரி இருக்கிறார். எங்கள் ஊரில் இப்போது யாருக்கு வலி கண்டாலும் நர்ஸைக் கூட்டிவர முதலில் நான் ஓடுகிறேன்.

கஷ்டம் வந்தால் நீங்களும் பெருமாளைக் கூப்பிடுங்கள். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். அவன் வருவான். அன்றைக்கு அவன் ஒரு நர்ஸம்மாவின் விரலிலும், தன் தாலியைப் பணயம் வைத்த ஒரு பெண்ணின் வாயிலும் வந்தான். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் அவனைக் கடைசியாகப் பார்த்தவன்.